லோடோடு ஏறி இறங்க மறுக்கும் புவிவெப்ப நிலையம்: தீவு கிரிட்டுக்கான அறிகுறிவாரி வழிமுறை

புவிவெப்ப நிலையம் என்றால் வருடம் முழுக்க ஒரே லோடில் ஓடுவது என்றுதான் பலரும் படித்திருப்போம். பெரிய கிரிட்டில் அது சரி. தீவில் நள்ளிரவு தாண்டினால் மொத்த லோடும் சரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காற்றாலை வேகம் பிடிக்கும். பகலில் கூரை சோலார் வந்து சேரும். டீசல் யூனிட்களை முடிந்தவரை கழற்றிவிட்ட பிறகும் அதிர்வெண் மேலே போகிறது என்றால், குறைக்க மிச்சம் இருப்பது புவிவெப்பம்தான். அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் சாவ் மிகேலில் இரவு நேரக் காற்றாலை உற்பத்தியைக் கட்டுப்படுத்த வேண்டி வந்ததும் இதே நெருக்கடியால்தான்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஹவாய்த் தீவின் பூனா நிலையம் 2012 விரிவாக்கத்துக்குப் பிறகு 38 மெகாவாட் திறனோடு, 22 முதல் 38 வரை கிரிட் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவுப்படி ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டது. நிமிடத்துக்கு 2 மெகாவாட் வேகம். ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்த ஏற்பாடு. ஒரே லோடுக்காகக் கட்டிய நிலையத்தை ஒரு நாள் திடீரென்று ஏறி இறங்கச் சொன்னால், கீழே உள்ள தொல்லைகளில் ஒன்றாவது வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: குறைத்த நீராவி எங்கே போனது? டர்பைன் சில நொடிகளில் குறைந்துவிடும். கிணறு அப்படி இல்லை. அதற்கு மணிக்கணக்கு வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அந்த வெப்பம் எங்காவது போயே ஆக வேண்டும். போன இடத்தில்தான் கோளாறும் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

அதிர்வெண், மெகாவாட், கவர்னர் (டர்பைனுக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வால்வு நிலை, நீராவி ஹெடர் (கிணறுகளின் நீராவி வந்து சேரும் பொதுக்குழாய்) அழுத்தம், வென்ட் (நீராவியை வெளியே விடும் வழி) அல்லது பைபாஸ் வால்வு நிலை, செப்பரேட்டர் (நீரையும் ஆவியையும் பிரிக்கும் கலம்) நீர்மட்டம். இந்த ஆறையும் ஒரே ட்ரெண்டில் போடுங்கள். ஒரு நிமிட சராசரியாகச் சேமித்த தரவு உதவாது. அதிர்வெண் சரிந்து மீள்வதெல்லாம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போயிருக்கும். ஒரு நொடித் தரவு வேண்டும். அப்புறம், கிரிட் அறையின் கடிகாரமும் நிலையத்தின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 40 நொடி வித்தியாசத்தில் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை.

அறிகுறி: பெரிய டீசல் யூனிட் ட்ரிப் ஆனது, அதிர்வெண் சரிந்தது, நம் யூனிட் அசையவே இல்லை

முதலில் கவர்னர் எந்த மோடில் இருந்தது என்று பாருங்கள். பல புவிவெப்ப டர்பைன்கள் நுழைவு அழுத்தக் கட்டுப்பாட்டில் ஓடும்: ஹெடர் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே வால்வின் வேலை, அதிர்வெண்ணை அது கண்டுகொள்ளாது. மோடு சரியாக இருந்தாலும் வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தால் மேலே போக இடம் இல்லை. பூனாவில் இதற்காகவே 3 மெகாவாட் சுழல் இருப்பு (ஓடும் யூனிட்டில் உடனே கூட்டக்கூடிய மிச்சம்) ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது காரணம் டெட்பேண்ட், அதாவது அதிர்வெண் எவ்வளவு மாறும் வரை கவர்னர் சும்மா இருக்கும் என்ற எல்லை. யாரோ எப்போதோ அகலமாக வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிட்டுத் தேடுங்கள். 30 மெகாவாட் யூனிட், 4 சதவீத ட்ரூப் (அதிர்வெண் இத்தனை சதவீதம் மாறினால் கவர்னர் முழு வீச்சும் நகரும்), 60 ஹெர்ட்ஸ் கிரிட் என்று வைத்துக்கொள்வோம். முழு வீச்சுக்கு 2.4 ஹெர்ட்ஸ். 0.3 ஹெர்ட்ஸ் சரிந்தால் 3.75 மெகாவாட் வந்திருக்க வேண்டும். 1 மட்டும் வந்தது என்றால் டெட்பேண்டையோ லோடு லிமிட்டையோ சந்தேகப்படலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் மோடு.

இதைவிடத் தந்திரமான வகை ஒன்று உண்டு: மெகாவாட் ஏறும், ஆனால் அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆபரேட்டர் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். நடப்பது இதுதான். கவர்னர் திறக்கிறது, குழாயில் தேங்கியிருந்த நீராவி வந்து கைகொடுக்கிறது, ஹெடர் அழுத்தம் விழுகிறது, அழுத்தக் கட்டுப்பாடு "ஐயோ" என்று வால்வை மூடிவிடுகிறது.

அந்தக் குழாயில் எவ்வளவுதான் இருக்கும்? ஒரு மீட்டர் விட்டம், ஒரு கிலோமீட்டர் நீளம்: சுமார் 785 கன மீட்டர். 6 பார் தனி அழுத்தத்தில் நீராவியின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 3.2 கிலோ. அரை பார் விழ விட்டால் கிடைப்பது 200 கிலோ நீராவி. ஒரு மெகாவாட்டுக்கு நொடிக்கு சுமார் 2 கிலோ தேவை என்று வைத்தால், கூடுதல் 3 மெகாவாட்டை 33 நொடி தாங்கலாம். அவ்வளவுதான் சேமிப்பு. அதற்கு மேல் தாங்க வேண்டும் என்றால், ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருக்கும் வென்ட் அல்லது பைபாஸ் வால்வு மூடி, அந்த நீராவி டர்பைனுக்கு வர வேண்டும். ஆகவே அழுத்த லூப்பைக் கீழ் எல்லைக் காவலாக மட்டும் வையுங்கள். சாதாரண வீச்சுக்குள் அது கவர்னரோடு மல்லுக்கட்டக் கூடாது. மேல்நோக்கிய இருப்பு தருகிறோம் என்று கிரிட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அந்த அளவு நீராவி அந்த நொடியில் எங்கோ வீணாகிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது கஞ்சத்தனமான கணக்காளர்களுக்குப் பிடிக்காத உண்மை.

அறிகுறி: லோடு குறைத்ததும் வென்ட் அலறுகிறது, வாயு அலாரம் அடிக்கிறது

இது கோளாறே இல்லை, அமைப்பு அப்படி. 10 மெகாவாட் குறைத்தால் நொடிக்கு 20 கிலோ நீராவி, அதாவது மணிக்கு 70 டன்னுக்கு மேல், சைலன்சர் வழியாக வானத்துக்குப் போகிறது. அதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் போகிறது. நீராவி எடையில் 0.05 சதவீதம் இருந்தால்கூட மணிக்கு 36 கிலோ. வழக்கமாக இந்த வாயு கன்டென்சரிலிருந்து பிரிந்து சுத்திகரிப்புக்கோ கூலிங் டவர் மேலோ போகும். வென்டில் போகும்போது அந்த வழி எதுவும் இல்லை, நேராகத் தரை மட்டத்துக்கே இறங்கலாம். காற்றில்லாத இரவில் இன்னும் மோசம். மூக்கை நம்ப வேண்டாம்: 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது வாசனை தெரிவதே நின்றுவிடும். வாடை போய்விட்டது என்று யாராவது சொன்னால் மீட்டரைப் பார்க்கும் வரை அந்தப் பக்கம் போக விடாதீர்கள்.

வென்டைச் சில நிமிடத்துக்கான இடைக்கால ஏற்பாடாக மட்டும் பயன்படுத்துங்கள். குறைந்த லோடு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும் என்று தெரிந்தால் கிணற்றுத் தலையில் மெதுவாகக் குறைக்கலாம் (அதன் ஆபத்துகள் கீழே). பைனரி யூனிட் (பூமியின் சூடான நீரால் பென்டேன் போன்ற வேறு திரவத்தை ஆவியாக்கி டர்பைனைச் சுழற்றும் வகை) இருந்தால் இறக்கத்தை அதன் தலையில் கட்டுங்கள். அங்கே பென்டேன் ஆவியை டர்பைனைச் சுற்றி நேராகக் கன்டென்சருக்குத் திருப்பிவிடலாம். பூமியிலிருந்து வரும் நீர் எப்போதும் போல வெப்பத்தைக் கொடுத்துவிட்டு அதே வெப்பநிலையில் திரும்புகிறது. கிணற்றுக்கு எதுவும் தெரியாது. கன்டென்சர் தாங்குமா என்று கேட்பார்கள். பைனரியின் திறன் 10 முதல் 13 சதவீதம்தான் என்பதால், வழக்கமாகவே வெப்பத்தில் பெரும்பகுதி கன்டென்சருக்குத்தான் போகிறது. முழு பைபாஸில் கூடுவது அந்தப் பத்து சொச்சம் மட்டுமே. பைபாஸ் ஆவி கூடுதல் சூட்டில் வரும் என்பதை மட்டும் கவனியுங்கள். அதைத் தணிக்கத் திரவத் தெளிப்பு இல்லையென்றால் கன்டென்சர் நுழைவுப் பகுதி பாதிக்கப்படும்.

அறிகுறி: மெகாவாட் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது

ட்ரெண்டின் வடிவத்தைப் பாருங்கள். வழுவழுப்பான அலை என்றால் கன்ட்ரோலர் டியூனிங். ரம்பப் பல் போலவோ சதுரமாகவோ இருந்தால் வால்வு ஒட்டிக்கொள்கிறது. புவிவெப்ப நீராவியில் சிலிக்காவும் இரும்பு சல்ஃபைடும் வால்வுத் தண்டில் படியும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வால்வைத் திடீரென்று நகரச் சொன்னால் முறைத்துக்கொள்ளும். மேனுவலில் வைத்து ஒரு சதவீதம் கொடுங்கள். தண்டு நகரவில்லை, இன்னொரு சதவீதம் கொடுங்கள். மூன்றாவதில் சட்டென்று குதித்தால் விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு டியூன் செய்தாலும் தீராது. சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு தினமும் சிறிய அசைவு கொடுப்பதை ஷிஃப்ட் வேலையாக்கிவிடுங்கள்.

வால்வு நல்லபடியாக இருந்தால், ஒரே அழுத்தத்தை இரண்டு கன்ட்ரோலர்கள் பிடித்து இழுக்கின்றனவா என்று பாருங்கள். கவர்னர் 6.0 பாரைப் பிடிக்கிறது, வென்டும் 6.0 பாரைப் பிடிக்கிறது என்றால் ஒரு உறையில் இரண்டு கத்திதான். வென்டை 6.2-க்குத் தள்ளுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கிரிட் பக்கம். தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாடு சில நொடிக்கு ஒருமுறை உத்தரவு அனுப்பும். நிலையம் நகரத் தொடங்கும் முன்பே அடுத்த உத்தரவு வந்துவிடும். "போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் கூட்டும். உண்மையான ஏற்ற வேகத்தையும் தாமதத்தையும் அளந்து அவர்களிடம் கொடுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: இரவில் குறைத்து வைத்த கிணறு காலையில் எழவில்லை

நிலையத்தில் வேறு எது கெட்டாலும் வாங்கி மாட்டிவிடலாம். கிணறு அப்படியல்ல, அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

நீரும் ஆவியும் கலந்து வரும் கிணற்றில் தலை வால்வை மூட மூட அழுத்தம் ஏறும், பாய்வு குறையும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் உச்ச வெளியேற்ற அழுத்தம் உண்டு. அதை நெருங்கினால் கிணறு தத்தளிக்கும்: அழுத்தம் ஏறி இறங்கும், பாய்வு விட்டு விட்டு வரும். அந்தக் கட்டத்திலேயே திறந்துவிட்டால் பிழைக்கும். தாண்டினால் உள்ளே நீர்த்தூண் கனத்து, கொதிப்பு நின்று, கிணறு அமர்ந்துவிடும். ஆகவே காலையில் "எழவில்லை" என்றால் இரவு ட்ரெண்டில் தத்தளிப்பு இருந்ததா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும், இரண்டு மூன்று மணி நேரம் யாரும் பார்க்காமல் ஓடியிருக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. குறைக்கச் சொன்னதும் சின்னக் கிணற்றில் கை வைப்பார்கள், "இதில் வருவதே கொஞ்சம்தானே" என்று. பலவீனமான, நீர் அதிகம் உள்ள கிணறுதான் முதலில் அமரும். உச்ச வெளியேற்ற அழுத்தம் உயர்ந்த, ஆவி அதிகம் உள்ள பலமான கிணற்றைக் குறையுங்கள். பலவீனமானவற்றைத் தொடவே வேண்டாம்.

உலர் நீராவி வயல்களில் இந்த மரணம் இல்லை, வேறொன்று உண்டு. குறைத்த கிணற்றில் அழுத்தம் ஏறி, மீவெப்பம் (கொதிநிலைக்கு மேலான கூடுதல் சூடு) போய், குழாய்ச் சுவரில் நீர் திரளும். நீராவியில் ஹைட்ரஜன் குளோரைடு இருந்தால் அந்த முதல் துளிகளில் போய்க் கரையும். அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

முழுக்க மூடத்தான் வேண்டும் என்றால் ப்ளீட் லைனை (கொஞ்சமாகக் கசியவிடும் சிறு குழாயை) திறந்து வைத்துக் கிணற்றைச் சூடாகவே வைத்திருங்கள். காரணம் உறைக்குழாய், அதாவது கிணற்றின் சுவராக இறக்கிய எஃகுக் குழாய். சிமெண்ட் பிடித்து வைத்திருக்கும் எஃகுக்கு 200 டிகிரி வெப்பநிலை மாற்றம் சுமார் 480 மெகாபாஸ்கல் தகைவைத் தரும். கே-55 வகை எஃகின் நெகிழ் எல்லையே 379 தான். ஒவ்வொரு முறை ஆறிச் சூடாகும்போதும் குழாய் அந்த எல்லையைத் தாண்டி நசுங்கி இழுபடுகிறது. தினமும் இப்படிச் செய்தால் இணைப்புகளும் சிமெண்டும் எவ்வளவு நாள் தாங்கும்?

அமர்ந்த கிணற்றை எழுப்ப, கம்ப்ரசர் காற்றால் நீர்மட்டத்தைக் கீழே தள்ளி, சூடேற விட்டு, சட்டென்று திறப்பது எளிய வழி. முரண்டு பிடித்தால் மெல்லிய சுருள்குழாயை உள்ளே இறக்கி நைட்ரஜன் விட வேண்டும். கருவி தீவுக்குக் கப்பலில் வர வேண்டும் என்றால் அந்தக் கிணற்றை வாரக்கணக்கில் மறந்துவிடலாம்.

அறிகுறி: குறைந்த லோடு இரவுகளுக்குப் பிறகு, பயன்படுத்திய நீரைப் பூமிக்குள் திரும்பச் செலுத்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

சிலிக்கா. ஒரு கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 250 டிகிரி நீர்த்தேக்கத்தில் குவார்ட்ஸோடு சமநிலையில் இருக்கும் நீரில் கிலோவுக்கு சுமார் 490 மில்லிகிராம் சிலிக்கா இருக்கும். 150 டிகிரியில் ஆவி பிரிந்த பிறகு, மிச்ச நீரில் அது 620 ஆகச் செறிகிறது. 150 டிகிரியில் படிவாகாமல் கரைந்திருக்கக்கூடிய அளவும் கிட்டத்தட்ட அதே 620. செப்பரேட்டரை விட்டு வரும்போதே நீர் விளிம்பில் நிற்கிறது. 100 டிகிரிக்கு ஆறினால் எல்லை 360, 80-க்கு ஆறினால் 280.

இப்போது நீரின் பாய்வைப் பாதியாக்கி லோடைக் குறைக்கிறீர்கள். வெப்பப் பரிமாற்றியில் நீர் கூடுதல் நேரம் தங்கி இன்னும் ஆறுகிறது. குழாயிலும் இரண்டு மடங்கு நேரம் கிடக்கிறது. முழு லோடில் படியத் தொடங்கும் முன்பே பூமிக்குள் போய்விட்ட சிலிக்கா இப்போது வழியிலேயே இறங்குகிறது.

படிவு எங்கே என்று பிரித்துப் பார்க்க: குழாய்வழி அழுத்த இழப்பு ஏறியதா, பரிமாற்றியின் வெப்பநிலை இடைவெளி ஏறியதா, இரண்டும் அப்படியே இருக்கக் கிணற்றின் ஏற்கும் திறன் மட்டும் குறைந்ததா? மூன்றாவதுதான் செலவு. தீர்வு, பாய்வைக் குறைக்காமல் ஆவி பைபாஸில் லோடைக் குறைப்பது. அல்லது கொஞ்சம் சூடான நீரைப் பரிமாற்றியைச் சுற்றிக் கொண்டுவந்து வெளியேறும் வெப்பநிலையைப் பிடிப்பது. அமிலம் கலக்கும் நிலையம் என்றால் பம்ப் பாய்வைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். நீர் பாதியாகி அமிலம் அப்படியே போனால் படிவு வராது, குழாய் போய்விடும்.

அறிகுறி: வேகமாக ஏற்றிய பிறகு டர்பைனில் அதிர்வு, அல்லது வாராவாரம் திறன் தேய்கிறது

கவர்னர் திறந்ததும் செப்பரேட்டர் அழுத்தம் விழுகிறது, உள்ளிருக்கும் நீர் பொங்குகிறது, துளிகள் நீராவியோடு கிளம்பிவிடுகின்றன. மட்டக் கன்ட்ரோலர் சரியாகத்தான் இருந்தது என்பார்கள். பொங்கலை மட்டமானி சரியாகக் காட்டாது. நீராவி மாதிரியில் சோடியமும் குளோரைடும் பாருங்கள், ஏற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த மாதிரியாக இருக்கட்டும். காலை 10 மணி வழக்கமான மாதிரி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். ஒரே மெகாவாட்டுக்கு ஸ்டீம் செஸ்ட் (டர்பைனின் நுழைவறை) அழுத்தம் மெல்ல மெல்ல ஏறினால் முதல் வரிசை நாசிலில் உப்பும் சிலிக்காவும் உட்கார்ந்துவிட்டன. ஏற்ற வேகத்தைக் குறையுங்கள், குழாயிலுள்ள வடிகால் பாத்திரங்கள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: ஏற்றச் சொன்ன அளவு ஏறவில்லை

காற்றால் குளிர்விக்கும் பைனரி என்றால் வெயில் நேரத்தில் திறன் விழுவது இயல்பு. கிரிட் அறையின் திரையில் அதிகபட்சம் என்று நிலையான எண் ஒன்று கிடக்கிறதா என்று கேளுங்கள். வெளி வெப்பநிலையை வைத்து நொடிக்கு நொடி கணக்கிட்ட எண்ணாக அது மாற வேண்டும்.

குறைந்த லோடில் கன்டென்சர் வெற்றிடம் கெட்டால், வாயு இழுக்கும் எஜெக்டர்களைப் பாருங்கள். லோடு பாதியானாலும் அவை கேட்கும் நீராவி பாதியாகாது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் நிலையம் குறைக்க மறுக்கிறது

ஒப்பந்தத்தைப் படியுங்கள். விற்ற மின்சாரத்துக்கு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று மட்டும் பணம் வரும் நிலையம் எந்த இரவிலும் ஏதாவது ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லும். திறனுக்கென்று தனியாகப் பணம் வந்தால் காரணங்கள் குறைந்துவிடும்.

அறிகுறி: கிரிட்டில் கோளாறு வந்தால் நிலையமும் சேர்ந்து விழுகிறது

ஜெனரேட்டர் ரிலேயில் தேடத் தொடங்காதீர்கள். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்ததில் கூலிங் ஃபேன், ஊட்டு பம்ப் இவற்றின் கான்டாக்டர்கள் விழுந்தனவா என்று முதலில் பாருங்கள். டர்பைன் அதன் பிறகு தானாகத்தான் ட்ரிப் ஆகியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு தாமிரத்தையும் வெள்ளியையும் கறுப்பாக்கும், ஆகவே ரிலே முனைகளையும் திறந்து பாருங்கள்.

அடுத்து, குறை அதிர்வெண் ட்ரிப் அமைப்பையும் தீவின் லோடு கழிப்புப் படிகளையும் (அதிர்வெண் விழ விழப் பகுதி பகுதியாக மின்சாரத்தை வெட்டும் வரிசை) ஒரே தாளில் எழுதுங்கள். லோடு கழிந்து முடிவதற்குள் நிலையம் விலகிக்கொள்ளும்படி இருந்தால் தீவே இருட்டு. கூடவே, எந்தெந்த ஃபீடர் (மின் விநியோகப் பாதை) முதலில் வெட்டப்படுகிறது என்ற பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில், முதல் படியில் வெட்டப்பட்ட ஃபீடரில்தான் திரும்பச் செலுத்தும் பம்ப்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதிர்வெண் விழும், ஃபீடர் வெட்டப்படும், பம்ப் நிற்கும், செப்பரேட்டர் நிறையும், நீர்மட்டம் உச்சம் தொட்டதும் டர்பைன் ட்ரிப். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தைக் கவர்னரில் தேடிக்கொண்டு ஆறு மாதம் ஓடியது.